முன் இடது டயரின் காற்று

செப்டம்பர் 14, ஞாயிறு

சுண்டெலி,

இந்தப் பேரை வெளியாள் காதுபட ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாலு பேர் நடுவில் "ஏனுங்க", கதவைச் சாத்தினால் சுண்டெலி. இப்போது வீடு எந்நேரமும் சாத்தித்தான் கிடக்கிறது. அதனால் இதில் முழுக்க அதே பேர்தான், அதே "நீ"தான்.

இது டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. நீ ஒரு வரி எழுதவில்லை. ஆடி மாதம் போய்விட்டாய். ரேஸ் டிராக்கில் அத்தனை வேகம் ஓட்டினவன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னை நனைத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்தாய். நான் அஞ்சாவது வரை படித்தவள். என் எழுத்து, உன் குட்டியானை வண்டி காய்கறி லோடோடு சந்துக்குள் திரும்புகிற மாதிரி போகிறது. பொறுத்துக்கொள்.

இன்றைக்கு உன் தங்கச்சி சுகந்தி வந்தாள். லேடீஸுக்குக் கார் பழக்கிவிட்டு, கையில் தொப்பியோடு நேராக வந்தாள். அண்ணி என்று அவள் வாயில் ஒரு நாளும் வராது, நங்கைதான்.

"நங்கை, நவம்பர் ரெண்டாந்தேதி ரேஸ். அண்ணன் பேர் குடுத்துட்டுப் போயிருக்குது. அதுக்குப் பதிலா நான் ஓட்டறேன். டயர் எங்கீங்க?"

"எந்த டயரு?"

"கட்டிலுக்கடியில கம்பளி போத்திப் படுத்திருக்குதே, அதுங்."

"இப்ப எடுக்க முடியாது அம்மிணி. மாவு ஆட்டோணும்."

மாவு ஆட்டுவதற்கும் டயர் எடுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த டயரை நீ முதலில் கொண்டுவந்த நாள் ஞாபகமிருக்கிறதா? ஒரு கோடு இல்லை, பூ இல்லை, வழவழவென்று மொட்டையாக இருந்தது. யாரோ ஓட்டித் தேய்த்ததை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு பாட்டம் அழுதேன். "இது தேஞ்சதில்ல ருக்கு, பொறந்ததே இப்படித்தான். காய்ஞ்ச ரோட்டுல முழு ரப்பரும் தரையைப் பிடிக்கோணும், அதுக்குத்தான்" என்றாய். வெயில் படக்கூடாது என்றாய், கிரைண்டர் மோட்டார் பக்கத்தில் வைத்தால் ரப்பர் கெடும் என்றாய். என் அரிசி மூட்டையை வெளியே தள்ளிவிட்டு அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்தாய்.

உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். கடைசியாக டிராக்கிலிருந்து வந்து, காற்றடித்து, கம்பளி போர்த்தி வைத்தாய். அந்த நாலு டயருக்குள்ளும் நீ அடித்த காற்று அப்படியே இருக்கிறது. சுகந்தி எடுத்துப்போனால் முதல் வேலையாகக் காற்றைத்தான் இறக்குவாள். உன் சட்டையைத் துவைத்துவிட்டார்கள். சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். இது ஒன்றுதான் யார் கையும் படாமல் இருக்கிறது.

காற்றைக் காவல் காக்கிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 17, புதன்

ரேஷனில் பாமாயில் இல்லை. முன் இடது என்று நீ வீலில் பெயின்டில் எழுதின டயர் கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கிறது. என் கண்ணாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நான் எவ்வளவு கெட்டிக்காரி பார். "அந்த டயர் பழசு அம்மிணி, வேற பார்க்கலாம், நானும் வாரேன்" என்று சுகந்தியைக் கிளப்பிவிட்டேன். பெரிய டீம்காரர்கள் கழித்துப்போட்ட டயரை வாங்கி விற்கிற ஒருத்தர் சுந்தராபுரத்தில் இருக்கிறார். அங்கே போனோம்.

குடோன் முழுக்க மொட்டை டயர். அவர் ஒவ்வொன்றாகத் தட்டி, இது இளசு, இது நடுத்தரம், இது கெட்டி என்றார். இளசு நன்றாகப் பிடிக்குமாம். கெட்டி ரொம்ப நேரம் உழைக்குமாம். நான் பேசாமல் நின்றிருக்கலாம். ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளிப் பார்த்து, இருப்பதிலேயே நல்ல இளசாக ஒன்றைப் பொறுக்கி, "இதையே எடுத்துக்கோ" என்றேன்.

"அக்கா, இது வெண்டைக்காய் இல்லீங்க. நம்மூர் வெயிலுக்கு இது மூணு ரவுண்டுல கரைஞ்சு போயிரும்."

சுகந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கட்டும்.

கெட்டியில் ஒரு செட் நம் வீல் அளவுக்குச் சரியாக இருந்தது. ஆனால் சுகந்தி அதன் விளிம்பில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு வைத்துவிட்டாள். செய்த தேதி அதில் இருக்குமாம்.

"ரொம்ப வருசமா கெடக்குது நங்கை. வத்தலாட்டம் ஆயிருச்சு. ஓட்டுனாத்தான் தேயும்னு நெனைக்கறீங்க. ஓட்டாம வெச்சிருந்தாலும் டயர் செத்துரும்."

வெளியே கட்டியிருந்த ஆட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஆடு.

செப்டம்பர் 24, புதன்

மாவு பாக்கெட் கட்டி முடித்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தேன். படுத்ததாக எழுதுவது தப்பு, நுழைந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. முன் இடது டயரின் வால்வில் எச்சில் தொட்டு வைத்தேன், நீ செய்வாயே, அந்த மாதிரி. சின்னதாக ஒரு குமிழி வந்தது. உடைந்தது. இன்னொன்று வந்தது.

மெழுகுவத்தியை உருக்கி வால்வின் மேல் ஊற்றி மூடியை இறுக்கினேன். இன்ஜினியர் ஆகியிருக்க வேண்டியவள்.

கல்யாணமான புதிதில் உன்னிடம் ஒரு மொபெட்டு இருந்தது. காற்றடித்துவிட்டு என்னைத்தான் அமுக்கிப் பார்க்கச் சொல்வாய். "போதுமா பாரு ருக்கு." எனக்கு என்ன தெரியும்? கட்டைவிரலால் ஒரு அமுக்கு. போதும் என்பேன். நீயும் என்னவோ பெரிய ஆள் சொன்ன மாதிரி காற்று ஓஸைக் கழற்றிவிடுவாய். ஒரு தடவைகூடப் போதாது என்று நான் சொன்னதில்லை. வெயிலில் நிற்க முடியாது, அதுதான் காரணம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. நம் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. எதிர்வீட்டில் வண்டி கழுவுகிற சத்தம் காலையிலிருந்து. எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

நீ ஒரு வருஷம் விட்டதில்லையே என்று மனசு கேட்கவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு நாலையும் வெளியே உருட்டினேன். தூசி துடைத்தேன். தேங்காயெண்ணெய் விட்டு நன்றாகத் தேய்த்தேன். கோயிலில் எண்ணெய்க்காப்பு முடிந்த பிள்ளையார் மாதிரி கருகருவென்று மின்னியது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, செவ்வந்தி செருகினேன். எனக்கு நான் வைக்க முடியாததை எல்லாம் அதற்கு வைத்தேன்.

அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

சுகந்தி பொரியும் கடலையும் கொண்டுவந்தாள். நான் அடுப்படியில் இருந்தபோது படுக்கையறைக்குள் போய்விட்டாள்.

"ஏனுங் நங்கை, டயருக்கு எண்ணெய் வெச்சிருக்கீங்களா?"

"பளபளன்னு இருக்கட்டும்னு…"

"பொட்டு வெச்சு, பூ வெச்சு… சீர் செஞ்சு சடங்கு சுத்தியிருக்கீங்க. இதை மாட்டிட்டுப் போனா மொத வளைவுலயே நானும் அண்ணன்கிட்டப் போய்ச் சேந்துருவேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் வந்துவிட்டது. பொரித்தட்டு கவிழ்ந்தது. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அப்போதுதான் வாய்தவறிக் காற்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் மூக்கைத் துடைத்தாள். "அது அண்ணனோட மூச்சில்லீங்க நங்கை. அப்பாஸ் பாய் ஷெட்டுக் கம்ப்ரசர் காத்து."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுந்தான்."

அவள் குனிந்து, எண்ணெய் வழிகிற டயரில் காதை வைத்தாள். கன்னம் முழுக்கச் சந்தனம். பிறகு எழுந்து, "சரி. நான் தொடலை. இந்த வருசம் ஓட்டலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன். பொரியைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 4, சனி

எண்ணெய் வைத்தால் எப்படி எடுப்பது என்று நமக்குத் தெரியாதா? அரப்பு கரைத்து நாலுக்கும் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஆம்பளைகளுக்கு விசேஷம். இப்போது வீடு முழுக்க உன் தலை வாசம் அடிக்கிறது.

இதை யோசிக்காமல் செய்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சுகந்தி பத்து நாளாக வரவில்லை. போன் செய்தால் "கிளாஸ் இருக்குதுங்" என்கிறாள். கிளாஸ் இல்லாத நேரம் எனக்குத் தெரியும்.

அப்பாஸ் பாய் ஷெட்டுக்குப் போனேன். நீயும் சுகந்தியும் ரேஸுக்காக உள்ளே கம்பிக் கூண்டு கட்டின பழைய மாருதி மூலையில் செங்கல் மேல் நின்றது. கால் இல்லாத மாதிரி. உள்ளே உன் சீட்டு. இந்தக் கம்பிகளுக்கு நடுவே நீ நுழைவதைப் பார்த்துத்தானே சுண்டெலி என்று பேரே வைத்தேன்.

"பாய், டயருல இருக்கற காத்த எறக்காம அப்படியே ஓட்ட முடியாதா?"

"ஏன் தங்கச்சி?"

"அவரு அடிச்சது."

பாய் ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"அன்னிக்கு… அவரு ஒரு டயர்தான் அடிச்சாரு. முன்னாடி இடது. அப்புறம், கை மரத்த மாதிரி இருக்குது பாய், நீங்க அடிங்கன்னு ஓஸ எங்கிட்டக் குடுத்துட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. மத்த மூணும் நான்தான்."

"எந்தக் கை?"

"இடதும்மா."

இரண்டு பேரும் மாருதியையே பார்த்தோம். பாய் டீ சொன்னார். சர்க்கரை அதிகம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பை எச்சில் கையால் தூக்கினாய். இடது கை சும்மாதான் மடியில் கிடந்தது. ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வருகிற வழியில் பஸ்ஸில் இன்னொன்று உறைத்தது. இத்தனை மாதமாக அப்பாஸ் பாயின் காற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். வெளியே தெரிந்தால் ஊர் என்ன பேசும்? தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஆக, உன்னுடையது ஒன்றுதான். அதுவும் ஒழுகுவது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஊரெல்லாம் வெடிச் சத்தம். சுகந்தி வீட்டுக்கு நானே போனேன். வாசலில் நின்றுகொண்டே சொன்னேன்.

"டயர எடுத்துட்டுப் போ. மூணுல என்ன வேணாப் பண்ணிக்கோ. முன்னாடி இடது மட்டும் காத்துல கை வைக்காதே."

"உள்ள வாங்க நங்கை."

"வைப்பியா, மாட்டியா?"

"மாட்டேன். உள்ள வாங்க."

உள்ளே போய்க் கேட்டேன், அப்படி என்ன ஓட்டியே ஆகவேண்டும் என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஓட்டறப்ப மட்டும் அண்ணன் பக்கத்துல உக்காந்து திட்டற மாதிரி இருக்கும். பிரேக்க முன்னாடியே புடிக்காதடி, கழுதைன்னு."

"பக்கத்து சீட்டத்தான் கழட்டிப் போட்டாச்சே."

"ஆமாங்க. கூண்டுக் கம்பியப் புடிச்சுட்டு தொங்கிட்டு வரும்."

உன்னால் முடியும். அந்த அளவு ஆள்தான் நீ.

வால்வு ஒழுகுவதை அவளிடம் சொல்லவில்லை. மெழுகு இருக்கிறதே.

அக்டோபர் 26, ஞாயிறு

டயர் மாட்டுவதைப் பார்க்க ஷெட்டுக்குப் போனேன். கட்டிலுக்கடியில் இப்போது யானை படுக்கலாம். அரிசி மூட்டையைத் திரும்ப உள்ளே வைத்தேன், அந்த இடத்துக்கு ஒட்டவில்லை.

பாய் மூன்றிலும் காற்றை இறக்கி அளந்து அடித்தார். ஸ்லிக் என்கிற இந்த மொட்டை டயருக்குச் சாதாரணக் கணக்கு ஆகாதாம். ஓடினால் சூடேறும், சூடேறினால் உள்ளே காற்று பெருகும். அதனால் குளிர்ந்திருக்கும்போது குறைவாக வைத்து, ஓடிவிட்டு வந்ததும் அளந்து, கூடுதலை இறக்க வேண்டும். நம் டிராக்கில் வலது பக்க வளைவு அதிகம். பாரமெல்லாம் இடது பக்கம் சாயும். நாலு டயரில் அதிகம் பாடுபடுவது முன் இடதுதான்.

கடைசியில் அதற்கு மீட்டரை வைக்கப் போனார். என்னைப் பார்த்தார். மீட்டர் வைத்தாலே கொஞ்சம் காற்று போகும். கையை எடுத்துவிட்டு விரலால் அமுக்கினார்.

"குறைவாத்தான் இருக்குது. பரவால்ல, இதுக்குக் குறைவுதான் வேணும். ஓடுனா ஏறிக்கும்."

பாய்க்கு எண்ணெய் விஷயமும் தெரிந்திருந்தது. "அரப்புக்கெல்லாம் முழுசாப் போவாது தங்கச்சி. ஓடித்தான் அந்த மேல் தோல் உரியணும்" என்றார். சுகந்தி கூரையைப் பார்த்தாள்.

அக்டோபர் 29, புதன்

மழை. கோடில்லாத டயரில் தண்ணீர் போக வழியில்லை, ஈரத்தில் வழுக்கும். ஊரே குளம் நிரம்பட்டும் என்கிறது. நான் மட்டும் நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமி யார் பேச்சைக் கேட்பார் என்று பார்க்கலாம்.

நவம்பர் 1, சனி

சாமிக்கு என் மேல்தான் இரக்கம். நல்ல வெயில்.

இன்றைக்குப் பழகுகிற ஓட்டம். நான் டிராக்குக்குப் போனது இதுதான் முதல் தடவை. நீ கூப்பிட்ட போதெல்லாம் மாவு என்றேன். இன்றைக்கும் தூக்கில் மாவுதான் கொண்டுபோனேன், மத்தியானத்துக்குத் தோசை ஊற்றலாம் என்று. அங்கே அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று ஒருத்தர் விரட்டினார். சுற்றிலும் பெட்ரோல்.

சுகந்தி உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சில ரவுண்டு மெதுவாகப் போய்வந்தாள். டயரின் மேல் தோல் உரிந்து, சொரசொரவென்று ஒரு மாதிரி நிறத்தில் இருந்தது. பொடிக்கல்லெல்லாம் அப்பியிருந்தது. பாய் மூன்றுக்கும் மீட்டர் வைத்து, காற்று ஏறியிருக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சம் இறக்கினார். நான் முன் இடதின் பக்கம் குந்தினேன். மெழுகு உருகி வீலில் வழிந்து காய்ந்திருந்தது. மற்றது எல்லாம் பெருத்து நிற்க, அது மட்டும் முன்னைவிட அமுங்கி இருந்தது.

சுகந்தி உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். இனி வேகமாக ஒரு ஓட்டம்.

"பாய், இதுல காத்து குறைஞ்சா என்ன ஆகும்?"

"எவ்வளவு குறைஞ்சா?"

"ஒழுகினா."

"வளைவுல பாரம் விழறப்ப டயர் வீல விட்டு உருவிரும். வண்டி அவ சொன்ன பேச்சுக் கேக்காது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கையை எல்லாம் விரிக்கவில்லை, அப்படியே நின்றேன், தூக்கோடு. சுகந்தி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள்.

"நங்கை, நவுருங்க. அப்புறமாச் சாப்பிடலாம்."

"வால்வு ஒழுகுது. புரட்டாசியில இருந்தே எனக்குத் தெரியும். எறங்கு."

பாய் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி. வண்டி சரிபார்க்கிற ஆளும் வந்து எட்டிப் பார்த்து, "வால்வு பின்னை மாத்துங்க. மாத்தாம உள்ள விட முடியாது" என்றார். வால்வுக்குள் இருக்கிற பின்னைக் கழற்றினால் ஒரு பொட்டுக் காற்று மிஞ்சாது, அது எனக்கே தெரியும்.

சுகந்தி இறங்கி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, மூக்கு அப்படியே உன் மூக்கு. என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன்.

"வேண்டாம் நங்கை. வண்டிய ஏத்திரலாம். வீட்டுக்குப் போலாம்."

பாயும் தலையாட்டினார். இரண்டு பேரும் எனக்காக மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒழுகுகிற டயரை வைத்துக்கொண்டு ஒருத்தி இன்னும் எத்தனை பேரைத்தான் நிறுத்துவாள்?

"அந்தப் பின் கழட்டறது எது பாய்? குடுங்க."

"நான் கழட்டறேன் தங்கச்சி."

"குடுங்க."

சின்னதாக ஒரு சாவி மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இறுக்கிக்கொண்டிருந்தேன். "அந்தப் பக்கம் இல்லீங்" என்றாள் சுகந்தி. மறுபக்கம் திருப்பினேன். பின் தெறித்து என் தலைக்கு மேல் போனது. காற்று வந்தது. முகத்தில், வாயில், கழுத்தில். சூடாக இருந்தது, சுண்டெலி. ஓடிவந்த சூடுதான், தெரியும். ரப்பர் வாசம். எத்தனை நேரம் வந்தது என்று தெரியாது. முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டது. நான் நகரவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள், இந்த அம்மா டயரிடம் ரகசியம் கேட்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நின்றதும் டயர் உட்கார்ந்துவிட்டது. சுகந்தி என் தோளில் கை வைத்தாள்.

பாய் புதுப் பின்னைப் போட்டு ஓஸை எடுத்தார். நான் கை நீட்டினேன். கொடுத்துவிட்டார். நான்தான் அடித்தேன். மீட்டரில் முள் எங்கே நிற்கவேண்டும் என்று பாய் விரலை வைத்துக் காட்டினார். முள் தாண்டிப்போய், இறக்கி, குறைந்துபோய், திரும்ப ஏற்றி, பின்னால் நின்ற சரிபார்க்கிற ஆள் கொட்டாவி விட்டுவிட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

உன் தங்கச்சி முதல் ரவுண்டிலேயே சுற்றிவிட்டாள். டயர் இன்னும் சூடாகவில்லை என்கிறார் பாய். எண்ணெய் வைத்த பாவம் என்கிறேன் நான். வண்டி பின்பக்கமாகத் திரும்பிப் புல்லுக்குள் போய் நின்றது. என் உயிர் எந்த இடத்தில் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஏனுங்க, ஏனுங்க" என்று கத்தினேனாம். பாய் சொல்லித்தான் தெரியும். யாரைக் கூப்பிட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு வண்டி கிளம்பியது. அதற்கப்புறம் அவள் பிரேக்கை முன்னாடியே பிடிக்கவில்லை. வளைவுக்கு வளைவு அந்த முன் இடது டயரின் மேல் முழு வண்டியும் சாய்ந்துகொண்டு வந்தது. அது பிடித்தது. ஒவ்வொரு தடவையும் பிடித்தது.

கடைசிக்கு முந்தின இடம். அவளுக்குப் பின்னால் வந்தது ஒரே ஒரு வண்டி, அதுவும் புகை விட்டுக்கொண்டு. இறங்கினவள் கப்பு வாங்கின மாதிரி என்னைத் தூக்கிச் சுற்றினாள். தூக்க முடியவில்லை, பாதியில் கீழே போட்டாள்.

"அண்ணன் திட்டுச்சா?" என்று கேட்டேன்.

"வழி பூராத் திட்டுச்சு" என்றாள். ஹெல்மெட்டைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஓடிவந்த டயரில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. கையெல்லாம் கறுப்பு, சோப்புக்குப் போகவில்லை. அரப்பு போடவில்லை. இந்த டைரிப் பக்கத்தில் இருக்கிற விரல் தடமெல்லாம் அதுதான்.

டயர் இனிமேல் பாய் ஷெட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ரேஸுக்கும் சுகந்தி பேர் கொடுக்கிறாளாம். இந்த டயர் இன்னும் ஒன்று தாங்கும், அதற்குமேல் தாங்காது என்கிறார்கள். தேயட்டும்.

அந்த மொபெட்டில் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டாய், நானும் ஒன்றும் தெரியாமல் போதும் என்றேன். நேற்று நான் அடித்தேன், பாயின் விரல் சொன்ன இடத்தில் முள் நின்றது, வண்டியும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆனாலும் ஓஸைக் கழற்றுவதற்கு முன்னால் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், கேட்பதற்கு. இப்போது கேட்கிறேன்.

போதுமா, சுண்டெலி?